மூன்றாவது பிள்ளைக்கு மட்டும் இல்லை என்ற சட்டம்: இங்கிலாந்தில் எடுக்கிறார்கள், இங்கே?

குழித்துறைக்காரி

என் தங்கை நான்கு வருடமாக வடக்கு இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் இப்படி ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கும், அதனால் இதைத் தூரத்து ஊர்க் கதையாக நினைக்காமல் படியுங்கள்.

அவள் வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மூன்று பிள்ளைகள். புருஷனும் வேலைக்குப் போகிறவர்தான். சம்பளம் போதாத குடும்பங்களுக்கு அங்கே யுனிவர்சல் கிரெடிட் என்று ஒரு உதவி உண்டு. அதில் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சேரும். மூத்த இருவருக்கும் சேர்ந்தது, கடைக்குட்டிக்குச் சேரவில்லை. 2017 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த மூன்றாவது பிள்ளை என்பதுதான் காரணம். வருடத்துக்கு ஏறக்குறைய 3,500 பவுண்டு போனது. எல்லாப் பிள்ளைக்கும் வாரக் கணக்கில் தரும் குழந்தைப் படி வேறு, அது வருகிறது. ஆனால் அது சிறிய தொகை.

இந்த விதியைக் கொண்டுவந்தது முந்தைய கன்சர்வேட்டிவ் அரசு. 2024 ஜூலை 4 தேர்தலில் 14 வருடத்துக்குப் பிறகு லேபர் கட்சி வந்தது. வந்த உடனே எடுத்துவிடுவார்கள் என்று அந்தப் பெண் நம்பியிருந்தாளாம். அதே மாதம் 23ஆம் தேதி, விதியை நீக்கச் சொல்லும் திருத்தம் நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு வந்தது. 363க்கு 103 என்று தோற்றது. ஆதரித்து ஓட்டுப்போட்ட சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 7 பேரைக் கட்சிக் குழுவிலிருந்து ஆறு மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். பணம் இல்லை என்றார்கள்.

2025 நவம்பர் 26 பட்ஜெட்டில்தான் அறிவிப்பு வந்தது. 2026 ஏப்ரலிலிருந்து அந்த விதி கிடையாது. 2029-30க்குள் 4.5 லட்சம் பிள்ளைகள் வறுமையிலிருந்து வெளியே வருவார்கள், வருடத்துக்கு 3 பில்லியன் பவுண்டு ஆகும் என்பது அரசின் கணக்கு. வீட்டு வாடகைச் செலவைக் கழித்துப் பார்த்தால் அந்த நாட்டில் 45 லட்சம் பிள்ளைகள் வறுமையில் இருக்கிறார்கள், நூற்றுக்கு 31 பேர். இங்கிலாந்தில்! தங்கை சொன்னபோது நான் நம்பவில்லை.

என் கேள்வி இதுதான். 17 மாதம் ஏன் தள்ளிப்போட்டார்கள்? அந்த 17 மாதத்தில் ஒரு பிள்ளை இரண்டு வயதிலிருந்து மூன்றரை வயதுக்குப் போய்விடும். அப்புறம், நமக்கும் 2026இல் சட்டமன்றத் தேர்தல். வரப்போகிற அரசிடம் பிள்ளைகளுக்காக முதலில் எதைக் கேட்பது? கட்சிச் சண்டை வேண்டாம், விஷயத்தைப் பேசுவோம்.


தக்கலை வியாபாரி

அக்கா, எதிர்ப்பக்கத்தையும் ஒருத்தர் சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன்.

ஆட்சிக்கு வந்ததும் கணக்கில் 22 பில்லியன் பவுண்டு பள்ளம் இருக்கிறது என்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் சொன்னார். வருமான வரி, மதிப்புக் கூட்டு வரி இரண்டையும் கூட்ட மாட்டோம் என்று தேர்தலில் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். வரவு வழியை அடைத்துக்கொண்டு செலவு வழியைத் திறக்க முடியுமா? கடை நடத்துகிறவனுக்கு இது தெரியும். முதலைத் தின்றுவிட்டால் அடுத்த வருடம் கடை இருக்காது.

இன்னொன்று. உதவி எதுவும் வாங்காமல் இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பம் இருக்கிறதே, அவர்கள் வரியில் இன்னொருவர் மூன்றாவது பிள்ளையை வளர்ப்பது நியாயமா? அங்கே கருத்துக் கேட்ட பல கணிப்புகளில் இந்த விதியைப் பெரும்பாலான மக்கள் ஆதரித்தார்கள். இதை மனசாட்சி இல்லாதவர்களின் கேள்வி என்று ஒதுக்காதீர்கள். நம் மாநிலத்தின் கடனும் 2026 மார்ச்சில் 9.29 லட்சம் கோடி ரூபாய் ஆகும் என்று பட்ஜெட்டிலேயே போட்டிருக்கிறார்கள். அதைக் கட்டப்போவதும் இதே பிள்ளைகள்தான்.


ஓய்வு வாத்தியார்

தம்பி வியாபாரி கேட்டது நியாயமான கேள்வி. என் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1956இல் நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த அதே வருடத்தில்தான் காமராஜர் பள்ளி மதிய உணவைத் தொடங்கினார். அப்போது அரசிடம் என்ன இருந்தது? ஊர்க்காரர்களிடம் அரிசியும் காய்கறியும் கேட்டு வாங்கித்தான் ஆரம்பித்தார்கள். கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பணம் சேர்ந்த பிறகு பிள்ளைக்குச் சோறு போடலாம் என்று நினைத்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் படித்தது கல்குளம் தாலுகாவில் ஒரு தொடக்கப்பள்ளியில். வீட்டில் நாங்கள் ஆறு பேர், நான் ஐந்தாவது. அப்பா பனையேறி. பதனீர் இறங்காத மாதங்களில் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும்தான், சில நாள் கிழங்கு மட்டும். பள்ளிக்கூடத்தில் அமெரிக்காவின் கேர் தொண்டு நிறுவனம் அனுப்பிய கோதுமையில் செய்த உப்புமாவும் பால்பொடிப் பாலும் கிடைக்கும். அந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நானும் எனக்கு மூத்தவனும் தங்கையும் ஒரே வரிசையில் நிற்போம். நீ வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று உப்புமா போட்ட அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மூன்று பேரும் வெறுந்தட்டோடு நின்றிருப்போம்.

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் இவ்வளவு செலவா என்ற சத்தம் பெரிதாக எழுந்தது. அந்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். எங்கள் பள்ளியில் மதியத்துக்குப் பிறகு காணாமல் போகும் பிள்ளைகள் சத்துணவு வந்த பிறகு நின்றார்கள். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, அம்மாவோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பெண் பிள்ளைகள் திரும்பவும் பள்ளிக்கு வந்தார்கள். ஒருத்தி இன்று சவுதியில் நர்ஸ். அவள் வீட்டுக்கு அனுப்பிய பணத்தில் இந்த மாவட்டக் கடைகளில் எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு வியாபாரம் நடந்திருக்கும் என்று தம்பி கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலைத் தின்பது வேறு, விதை போடுவது வேறு. வியாபாரிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.


தூத்தூர் கடலோரம்

எங்கள் பக்கம் நாலு பிள்ளை, அஞ்சு பிள்ளை சாதாரணம். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. பள்ளிக்கூடம் திறந்து நோட்டு, சீருடை, பை என்று எல்லாச் செலவும் வரும் மாதத்தில்தான் வருமானம் நிற்கிறது. தடைக்கால நிவாரணத்தை 8,000 ரூபாய் ஆக்கினார்கள், நல்லது. ஆனால் அது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வருவது. பிள்ளை இல்லாத வீட்டுக்கும் 8,000, ஐந்து பிள்ளை வீட்டுக்கும் 8,000. அப்படிப் பார்த்தால் மூன்றாவது பிள்ளை மட்டும் இல்லை, எந்தப் பிள்ளையுமே கணக்கில் வருவதில்லை.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் அப்பாவை இழந்த பிள்ளைகளில் சிலர் அப்போது பால்குடி. இன்று எட்டாம் வயதைத் தாண்டிவிட்டார்கள். நிவாரணம் அன்று வந்தது. பிள்ளை வளர்வது வருடக்கணக்கில்.


பால்வாடி டீச்சர்

விளவங்கோடு தாலுகாவில் ஒரு அங்கன்வாடியில் பணியாளராக இருக்கிறேன். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. எனக்கு இங்கிலாந்து தெரியாது, என் மையத்துக்கு வரும் பிள்ளைகளைத் தெரியும்.

நம் மாவட்டத்தைப் பற்றிப் பேசினாலே 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று எடுத்துக்காட்டுவார்கள். பெரிய வீடு, தேவாலயம், கோயில், பேக்கரி எல்லாம் ரோட்டிலிருந்து தெரியும். ரோட்டைவிட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே ரப்பர் தோட்டத்து ஓரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர்களை யாரும் பார்ப்பதில்லை. பால் வெட்டுக்குப் போகிறவருக்கு மழை பெய்தால் கூலி இல்லை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் வருடத்தில் எத்தனை நாள் அந்த வீட்டில் அடுப்பு சின்னதாக எரியும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களில் 57 பேருக்கு மேல் ரத்தசோகை. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் நம் மாநிலம் 2.20 சதவீதம்தான், இந்தியா மொத்தத்துக்கும் 14.96. இரண்டும் உண்மைதான். வறுமைக் கோட்டைத் தாண்டிய வீட்டிலும் பிள்ளை குட்டையாகவும் வெளிறியும் இருக்கிறது. இதை நான் தினமும் எடை மெஷினில் பார்க்கிறேன்.

பணம் என்றால், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை ஒரு பிள்ளையின் ஊட்டச்சத்துக்கு மத்தியத் திட்டம் 2017இல் நிர்ணயித்தது ஒரு நாளைக்கு 8 ரூபாய். இன்று ஒரு முட்டை என்ன விலை என்று உங்கள் கடையில் கேளுங்கள். வாரத்தில் மூன்று நாள் முட்டை கொடுக்க முடிவது மாநிலம் தன் கைக்காசைப் போடுவதால். எங்கள் மதிப்பூதியத்தில் மத்திய அரசின் பங்கு 2018இல் வைத்த 4,500லேயே நிற்கிறது.

ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். அம்மா விதவை, வீட்டு வேலைக்குப் போகிறாள். மூன்று பிள்ளைகள். மூத்தவன் அரசுப் பள்ளியில் காலை உணவும் மதியமும் சாப்பிடுகிறான். நடுப்பெண் என்னிடம் வருகிறாள். கடைசி ஒன்றரை வயது. இவள் தன் முட்டையைத் தின்னாமல் கைக்குள் வைத்துக்கொள்வாள். தம்பிக்காம். நான் என் முன்னால் உட்கார்த்தி ஊட்டினாலும் பாதியை வாயில் ஒதுக்கி வைத்திருக்கிறாள் ஒரு நாள். நான்கு வயதுக் குழந்தை. அன்று எனக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

புது அரசு எதுவோ வரட்டும். முதல் செலவு ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டும் என்பது என் கோரிக்கை. பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு இரண்டு வேளை இருக்கிறது. அதற்கு முந்தின வயதில்தான் உயரம் நிற்கிறது.


தக்கலை வியாபாரி

டீச்சர், படித்துவிட்டு இரண்டு மணி நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்கும் சாட்சி. சோறாக, முட்டையாகக் கொடுங்கள், நானும் கைதூக்குகிறேன். பணமாகக் கொடுத்தால் அது பிள்ளை வாய்க்குப் போகுமா, டாஸ்மாக்குக்குப் போகுமா?


குழித்துறைக்காரி

அண்ணா, அதனால்தான் இங்கே மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயைப் பெண் பெயரில் உள்ள கணக்கில் போடுகிறார்கள். என் தெருவில் அந்தப் பணம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். டியூஷன், மருந்து, மகளிர் குழுத் தவணை. சோறு மட்டும் போதாது, பள்ளிக்குப் போகச் செருப்பும் வேண்டும், காய்ச்சல் வந்தால் ஆட்டோவுக்கும் காசு வேண்டும்.

வரி கட்டுகிறவன், உதவி வாங்குகிறவன் என்று நீங்கள் இரண்டாகப் பிரித்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த இரண்டு பிள்ளை விதியில் அடிபட்ட குடும்பங்களில் 59 சதவீதத்தில் வேலைக்குப் போகிறவர் இருந்தார். என் தங்கை வார்டைத் துடைத்துக் கொடுப்பவள் வரி கட்டாதவளா? இன்னொன்று, மூன்று பிள்ளை பெறும்போது நல்ல வேலையில் இருந்தவர்கள் பிறகு நோயிலும் விவாகரத்திலும் விழுந்திருக்கிறார்கள். ஏழாவது வயதில் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியுமா?

செலவு வரிசைக்கு வருகிறேன். பள்ளம் இருந்தது உண்மை. அதே அரசு 2025 பிப்ரவரியில், 2027க்குள் ராணுவச் செலவை மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்றது. அதற்குப் பணம் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3க்குக் குறைத்து வந்தது. உக்ரைன் போர் நடக்கும்போது ராணுவத்துக்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வேண்டும் என்று நினைத்தால் வழி தேடுகிறார்கள், அதைத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் விஷயத்தில் தேடுவதற்கு 17 மாதம் ஆனது.

இன்னமும் முழுசாக முடியவில்லை. ஒரு குடும்பத்துக்கு மொத்தமாக இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு அங்கே தனியாக இருக்கிறது. லண்டனுக்கு வெளியே வருடத்துக்கு 22,020 பவுண்டு. வாடகை அதிகமான, வேலையில்லாத வீடுகளில் மூன்றாவது பிள்ளைக்கு வரும் பணம் அதில் முட்டி நின்றுவிடும்.


நாகர்கோவில் வக்கீல்

எல்லாரும் இங்கிலாந்துச் சட்டத்தைத் திட்டுகிறீர்கள். நம் வீட்டுக்குள் கொஞ்சம் பாருங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவது பிரசவத்தில் அம்மாவுக்கு ரத்தசோகை இன்னும் அதிகமாக இருக்கும், உதவி கிடையாது. மத்திய அரசின் மாத்ரு வந்தனா முதல் பிள்ளைக்கு 5,000. இரண்டாவதுக்கு 6,000, அதுவும் பெண்ணாகப் பிறந்தால். முதலமைச்சரின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு பெண் என்றால் 50,000, இரண்டு பெண் என்றால் தலா 25,000. குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும், ஆண் பிள்ளை இருக்கக் கூடாது. அக்காமார் இருவருக்குப் பின் பிறந்த மூன்றாவது பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

2025 மே 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இரண்டு பிள்ளைக்கு மேல் என்று சொல்லி மறுத்த பேறுகால விடுப்பைக் கொடுக்கச் சொன்னது. அந்த விதி எழுதப்பட்டது மக்கள்தொகை பெருகுகிறது என்று பயந்த காலத்தில். இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. பயம் போய்விட்டது, விதி இருக்கிறது.

ஆகவே புது அரசு எது வந்தாலும் பிள்ளை எண்ணிக்கை நிபந்தனை உள்ள எல்லாத் திட்டத்தையும் ஒரே பட்டியலாக வைத்து மறுபடி பார்க்க வேண்டும். பெரிய செலவும் இல்லை. மூன்றாவது பிரசவங்கள் இப்போது குறைவுதான்.


பேச்சிப்பாறை மேல்கரை

எங்கள் காணிக் குடியிருப்புகளில் இருந்து சில பிள்ளைகள் அணைத் தண்ணீரைப் படகில் கடந்துதான் பள்ளிக்குப் போகின்றன. மழைக்காலத்தில் படகு ஓடாத நாளில் பள்ளியும் இல்லை, காலை உணவும் இல்லை, மதிய உணவும் இல்லை. திட்டம் இருக்கிறது, வழி இல்லை. படகையும் சாலையையும் குழந்தைகளுக்கான செலவில் சேர்த்து எழுதுங்கள்.


ஆரல் காற்று

குழித்துறை அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தங்கைக்குப் பிள்ளை உண்டா? அந்த உதவி அவர்களுக்கு வருமா?


குழித்துறைக்காரி

இரண்டு பிள்ளைகள் தம்பி. ஒன்றும் வராது. அவர்கள் விசாவில் பொதுநிதி உதவி கோர உரிமை இல்லை என்று நிபந்தனை இருக்கிறது. குழந்தைப் படிகூடக் கிடையாது. வரி மட்டும் மற்றவர்களைப் போலவே கட்டுகிறார்கள். வயிறு எரியத்தான் செய்கிறது.


ஆரல் காற்று

அதைத்தான் நினைத்தேன். தோவாளைப் பக்கம் செங்கல் சூளைகளிலும், மாவட்டம் முழுக்கக் கட்டட வேலையிலும் வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அங்கன்வாடியில் யாரையும் சேர்க்கக் கூடாது என்று விதி இல்லை. ஆனால் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, நாலு மாதத்தில் வேறு சூளைக்குப் போய்விடுவார்கள், எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்காது. நான் வேலை பார்த்த ஒரு சூளையில் மூன்று வயதுப் பையன் பகல் முழுக்க மண் குவியலில் இருப்பான். மத்தியானம் ஒரு பன்னும் டீயும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் அங்கன்வாடி.

உங்கள் தங்கை பிள்ளைக்காக வயிறு எரிகிற நாம் இந்தப் பையனுக்காகவும் கேட்க வேண்டும்.


பால்வாடி டீச்சர்

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. எங்கள் பக்கம் அப்படி இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், ஆதார் இல்லாமல் ஆன்லைனில் ஏற்ற முடியவில்லை. சோறு போட்டேன். பதிவில் ஏறாத பிள்ளைக்கு அரிசி வராது, மற்ற பிள்ளைகள் பங்கில்தான் போட வேண்டும். இதையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும்.


தக்கலை வியாபாரி

சரி, ஒத்துக்கொள்கிறேன். பிள்ளையை எண்ணி உதவியை மறுப்பது தப்பு. பணம் எங்கிருந்து என்ற கேள்வியை மட்டும் விடமாட்டேன். அங்கே முதியவர்களின் குளிர்கால எரிபொருள் உதவியைப் பிடித்தார்களே, இங்கே யாரிடம் பிடிக்கப் போகிறீர்கள்?


ஓய்வு வாத்தியார்

அந்தக் கதை பாடமாக இருக்க வேண்டும் தம்பி. 2024 ஜூலையில் கோடிக்கு மேற்பட்ட முதியவர்களுக்கு வந்துகொண்டிருந்த உதவியைப் பரம ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஒரு வருடம் கெட்ட பெயர் வாங்கி, 2025 ஜூனில் 35,000 பவுண்டு வருமானம் வரை உள்ளவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். குளிரில் கிழவியை நடுங்கவிட்டதுதான் மிச்சம், பணம் மிச்சமில்லை.

நான் ஓய்வூதியம் வாங்குகிறவன், அதனால் என் வாயால் சொல்கிறேன். இங்கே முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். அதை வாங்கும் கிழவிதான் பல வீட்டில் பேரப்பிள்ளைக்குப் பால் வாங்குகிறாள். அவளிடம் எடுக்க ஒன்றும் இல்லை. என்னைப் போல நல்ல ஓய்வூதியமும் பிள்ளைகள் அனுப்பும் பணமும் உள்ளவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். எங்கள் காலி மனைகளும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளும் கட்டும் வரியைக் கூட்டட்டும். முதலில் நான் கட்டுகிறேன்.


நாகர்கோவில் வக்கீல்

சார், இதை நான் எதிர்பார்க்கவில்லை. வணக்கம்.

டீச்சர், அந்த விதவைத் தாய் விஷயம். அரசு மாறும்வரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் அப்பாவை இழந்த பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் வருடம் 72,000க்குள் இருக்க வேண்டும். மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது, மாதம் 2,000. ஆனால் அது பெற்றோர் இருவரும் இல்லாத, அல்லது இருக்கும் ஒருவரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு. இந்தத் தாய்க்கு முதலாவதுதான் பொருந்தும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா அவளிடம்?


பால்வாடி டீச்சர்

இல்லை சார். எனக்கே இப்போதுதான் தெரியும். பதினெட்டு வருடம் இந்த வேலையில் இருந்தும் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று இருக்கிறது. அவள் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும், நாகர்கோவிலுக்கு எப்படி அழைத்து வருவது என்றுதான் யோசிக்கிறேன்.


தக்கலை வியாபாரி

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு நாள். காலை எட்டரைக்கு மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லுங்கள் டீச்சர், என் வண்டியில் கூட்டிப் போகிறேன். அன்றைய கூலியும் என் பொறுப்பு. ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, வருமானச் சான்று, மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாங்க் புத்தகம். வேறென்ன வேண்டும் வக்கீல் சார்?


நாகர்கோவில் வக்கீல்

பிள்ளைகளின் ஆதாரும், மூத்தவனுக்குப் பள்ளியில் படிக்கும் சான்றும். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். நான் வாசலில் நிற்கிறேன். மனு மூன்று பிள்ளைக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.